இரண்டாவது தடவை மறுவாழ்வு மையத்துக்குப் போவதில் அர்த்தம் இருக்கிறதா?

மறுபடியும்நான் எழுதியது:

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். போன வருடம் 30 நாள் ஒரு மையத்தில் இருந்துவிட்டு வந்தவன் நான். குடிதான், வேறு பழக்கம் எதுவும் கிடையாது. வெளியே வந்து நான்கு மாதம் ஒரு சொட்டு தொடவில்லை. அப்புறம் ஒரு சாயங்காலம், பெரிய காரணம் என்று ஒன்றும் இல்லை, யாரும் சாகவில்லை, வேலை போகவில்லை, வீட்டில் சண்டையும் இல்லை, சும்மா அன்றைக்கு வேலை சீக்கிரம் முடிந்து இரண்டு மணி நேரம் கையில் மிச்சம் இருந்தது, அவ்வளவுதான். அன்றைக்கு ஒன்று. அடுத்த வாரம் தினமும். இப்போது மையத்துக்குப் போவதற்கு முன்னால் இருந்ததைவிட மோசம். காலையில் பல் தேய்க்கும்போதே கை ஆடுகிறது, அதை அடக்க ஒரு மடக்கு ஊற்றிக்கொண்டுதான் வேலைக்குக் கிளம்புகிறேன்.

வீட்டில் மறுபடியும் சேரச் சொல்கிறார்கள். எனக்குத்தான் மனசு ஒப்பவில்லை. போன தடவை என்ன செய்தோம் என்பது மனப்பாடமாகவே தெரியும். காலையில் எழுப்புவார்கள், மூச்சுப் பயிற்சி, வகுப்பு, வட்டமாக உட்கார்ந்து பேச்சு, வாழ்க்கைக் கதையை எழுதிக்கொடு என்பார்கள், கடைசி நாள் கைதட்டி அனுப்புவார்கள். அந்தக் கைதட்டலை நினைத்தால்தான் இப்போது ரொம்பக் கூசுகிறது. அதே நாற்காலியில் போய் உட்கார்ந்து அதே வகுப்பைக் கேட்டால் மட்டும் என்ன மாறிவிடப் போகிறது?

அதனால் நானே ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். வருகிற திங்கட்கிழமையிலிருந்து ஐந்து நாள் லீவு போட்டு, அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, சுத்தமாக நிறுத்திவிடுவது. முதல் ஐந்து நாள்தானே கஷ்டம், அதைத் தாண்டிவிட்டால் மீதி மனசு சம்பந்தப்பட்டது என்று நினைக்கிறேன். இரண்டாவது, மூன்றாவது தடவை மையத்துக்குப் போனவர்கள் யாராவது இருந்தால், அப்போது என்ன வேறு மாதிரி இருந்தது என்று சொல்லுங்கள். அறிவுரை வேண்டாம், அது வீட்டிலேயே தாராளமாகக் கிடைக்கிறது.

*

வார்டுவிளக்கு எழுதியது:

மற்றதெல்லாம் அப்புறம். முதலில் அந்தத் திங்கட்கிழமைத் திட்டத்தைக் கைவிடுங்கள். அறிவுரை வேண்டாம் என்றீர்கள், இது அறிவுரை இல்லை, நான் குடிநிறுத்த வார்டில் பதினோரு வருடம் செவிலியாக வேலை பார்த்தவள், கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன்.

காலையில் கை ஆடுகிறது, குடித்தால் நிற்கிறது என்று நீங்கள் எழுதிய அந்த ஒரு வரி போதும். உங்கள் மூளை மதுவுக்கு எதிராக எப்போதும் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். மது நரம்புகளை மந்தப்படுத்துகிறது, அதை ஈடுகட்ட மூளை முடுக்கிக்கொள்கிறது, இப்படியே மாதக்கணக்கில். மதுவை மட்டும் சட்டென்று எடுத்துவிட்டால் பிரேக் இல்லாமல் வேகம் மட்டும் மிச்சம். 6 மணி நேரத்திலேயே நடுக்கம், வியர்வை, படபடப்பு ஆரம்பிக்கும். வலிப்பு வருவதாக இருந்தால் பெரும்பாலும் முதல் 48 மணி நேரத்துக்குள் வரும். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் சிலருக்கு டெலிரியம் வரும். நேரம் தெரியாது, இடம் தெரியாது, சுவரில் பூச்சி ஊர்கிறது என்பார்கள், காய்ச்சலும் நெஞ்சுப் படபடப்பும் ஏறும். கவனிக்காமல் விட்டால் ஆளே போய்விடலாம். கதவைச் சாத்திக்கொண்டு தனியாகக் கிடக்கலாம் என்று நீங்கள் தேர்ந்தெடுத்திருப்பது சரியாக அந்த ஐந்து நாளைத்தான்.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். போன தடவை லேசாகப் போயிற்று என்பதை வைத்து இந்தத் தடவையைக் கணக்குப் போடக் கூடாது. நிறுத்தி, மறுபடி குடித்து, மறுபடி நிறுத்தும் ஒவ்வொரு சுற்றிலும் உடம்பின் எதிர்ப்பு கடுமையாகிக்கொண்டே போகலாம்.

மருத்துவமனையில் செய்வது பெரிய மந்திரம் ஒன்றும் இல்லை. குளோர்டயாசெபாக்சைடு அல்லது டயசெபாம் மாதிரி மாத்திரையை முதலில் தேவையான அளவு கொடுத்து, ஒரு வாரம் போல படிப்படியாகக் குறைப்பார்கள். கல்லீரல் கெட்டிருந்தால் லோராசெபாம் பக்கம் போவார்கள். கூடவே தயமின், அதாவது வைட்டமின் பி1 ஊசி. அதைச் சாதாரண சத்து ஊசி என்று நினைக்காதீர்கள், அது குறைந்தால் பார்வை பிசகும், நடை தள்ளாடும், குழப்பம் வரும், விட்டுவிட்டால் ஞாபகசக்தி திரும்பாமலேயே போகலாம். இந்த மாத்திரைகளை நீங்களே வாங்கிக் குடியோடு சேர்த்துப் போட்டுக்கொள்ள மட்டும் நினைக்காதீர்கள், இரண்டும் சேர்ந்தால் மூச்சே நின்றுவிடலாம். மருத்துவரைப் பார்க்கும்வரை நீங்களாகத் திடீரென்று நிறுத்தவும் வேண்டாம்.

கேட்கும்போது அளவை உண்மையாகச் சொல்லுங்கள். எல்லாரும் பாதிதான் சொல்வார்கள், இது நாங்கள் எல்லாரும் அறிந்தது. ஒருவர் மனைவி பக்கத்தில் இருந்த கூச்சத்தில் நாளைக்கு இரண்டு பெக் என்றார், அதற்கேற்ற மருந்துதான் போனது, அடுத்த நாள் ராத்திரி கழிப்பறைக் கதவை உடைத்துத்தான் தூக்கினோம். பிழைத்துக்கொண்டார். முன்பல் இரண்டு போயிற்று.

*

மூன்றாம்சுற்று எழுதியது:

வார்டுவிளக்கு சொன்னது நடந்து முடிந்த பிறகு இதைப் படியுங்கள். அந்த ஒரு வாரம் நச்சு இறக்குவது, அவ்வளவுதான். அதையே சிகிச்சை என்று நினைத்துதான் நான் முதல் தடவை ஏமாந்தேன்.

நான் மூன்று தடவை போனவன். கடைசியாக வந்து ஆறு வருடம் ஆகிறது. முதல் தடவை நான்தான் மையத்திலேயே நல்ல பிள்ளை. எழுதச் சொன்னால் பக்கம் பக்கமாக எழுதுவேன், புதிதாக வருகிறவர்களுக்கு நானே வகுப்பு எடுப்பேன். வெளியே வந்து ஆறு வாரம். உள்ளே இருந்த 30 நாளில் என்னிடம் யாரும் 31வது நாள் சாயங்காலம் ஆறு மணிக்கு எங்கே இருப்பாய் என்று கேட்கவில்லை, எனக்கும் அது கேட்க வேண்டிய கேள்வி என்று தோன்றவில்லை.

இரண்டாவது தடவை பற்றி அதிகம் எழுதப் பிடிக்கவில்லை. வீட்டில் யாரோ கொடுத்த நம்பரை நம்பி, ராத்திரி நான்கு பேர் வந்து வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். மருத்துவர் என்று ஒருவரை முழுதாக நான் பார்த்ததே பத்தாவது நாள்தான். ஃபோன் கிடையாது, வீட்டாரோடு பேச வேண்டுமென்றால் ஒருவர் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருப்பார், எதிர்த்துப் பேசினால் அடி. மூன்று மாதம். வெளியே வந்த அன்றைக்கே குடித்தேன், ஏக்கத்தில் இல்லை, பழிவாங்க. யாரைப் பழிவாங்கினேன் என்று இன்னமும் தெரியவில்லை. இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், மையம் என்று பலகை மாட்டியதெல்லாம் மையம் இல்லை. சேருவதற்கு முன்னால் நீங்களே நேரில் போங்கள். மனநல மருத்துவர் வாரத்தில் எத்தனை நாள் வருகிறார், ராத்திரி வலிப்பு வந்தால் யார் பார்ப்பார்கள், உள்ளே இருக்கிறவர் விருப்பப்பட்டால் வெளியேற முடியுமா, வெளியே போன பிறகு எத்தனை மாதம் தொடர்பில் இருப்பீர்கள் என்று கேளுங்கள். நூற்றுக்கு நூறு குணம் என்று யாராவது சொன்னால் செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.

மூன்றாவது தடவை கிடைத்த ஆலோசகர் அதிகம் பேசமாட்டார். முதல் நாளே ஒரு நோட்டைக் கொடுத்து, கடைசியாகக் குடித்த இருபது தடவையைப் பின்னாலிருந்து எழுது என்றார். எத்தனை மணி, எங்கே, கூட யார், அதற்கு ஒரு மணி நேரம் முன்னால் என்ன செய்துகொண்டிருந்தாய். நான் சோகத்தில் குடிக்கிறவன் என்று என்னைப் பற்றி எனக்கு ஒரு பெரிய கதை இருந்தது. எழுதிப் பார்த்தால் இருபதில் பதினான்கு, ஒரு வேலை முடிந்து இன்னொன்று தொடங்காத இடைவெளி. சோகம் இரண்டோ மூன்றோதான். கொஞ்சம் அவமானமாகக்கூட இருந்தது, இவ்வளவு சாதாரண காரணத்துக்கா வாழ்க்கையைத் தொலைத்தேன் என்று.

உங்கள் கேள்வியில் ‘இரண்டு மணி நேரம் கையில் மிச்சம் இருந்தது’ என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், என்னைக் கேட்டால் நீங்கள் மையத்துக்கு எடுத்துப்போக வேண்டியது அதைத்தான். போன தடவை அந்தத் தகவல் உங்களிடம் இல்லை, இப்போது இருக்கிறது. அதே நாற்காலிதான், ஆனால் போன வருடம் உட்கார்ந்த ஆள் இல்லை நீங்கள்.

அந்த ஒரு கிளாஸ் ஏன் ஒரு வாரமாக ஆனது என்பதற்கும் ஒரு விளக்கம் உண்டு. ஆலன் மார்லட் என்ற அமெரிக்க உளவியலாளர் இதைப் பற்றி நிறைய வேலை செய்திருக்கிறார். ஒரு தடவை சறுக்கியவுடன் ‘எல்லாம் போச்சு, நான் உருப்படாதவன்’ என்று மனம் தீர்ப்பு எழுதிவிடுகிறது, அந்தத் தீர்ப்புதான் மறுநாள் குடிக்கவைக்கிறது, முதல் கிளாஸைவிட அதற்குத்தான் பலம் அதிகம். உங்களுக்கு அந்தக் கைதட்டல் கூசுகிறது என்றீர்களே, அதுவும் இதே சாதிதான். ஆசை வந்தால் அதோடு மல்லுக்கட்டாமல், அலை ஏறி இறங்குவதைப் பார்ப்பது மாதிரி கவனித்துக்கொண்டிரு என்று சொன்னவரும் அவரே. எனக்கு அது 20 நிமிடம், மிஞ்சினால் அரை மணி. கடிகாரத்தை வைத்துப் பார்த்திருக்கிறேன். முதல் முறை நம்பவே இல்லை, 23வது நிமிடத்தில் வேறு எதையோ யோசித்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம் ஏஏ கூட்டம், அதாவது ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடிநோயாளிகளே ஒருவருக்கொருவர் துணையாகக் கூடும் கூட்டம். எனக்குச் சாமி நம்பிக்கை கிடையாது, பன்னிரண்டு படிகளில் பாதியை வாயை மூடிக்கொண்டுதான் கடந்தேன். ஆனால் அது ஆரம்பித்த விதம் எனக்குப் பிடிக்கும். 1935இல் பில் வில்சன் என்பவர் குடியை விட்டுச் சில மாதம்தான் ஆகியிருந்தது, வேலை விஷயமாக அமெரிக்காவில் அக்ரன் என்ற ஊருக்குப் போன இடத்தில் காரியம் கெட்டு, ஹோட்டலில் தனியாக நிற்கிறார், பார் பக்கத்திலேயே இருக்கிறது. அவர் அதற்குள் போகாமல் தொலைபேசியை எடுத்து, பேசுவதற்கு இன்னொரு குடிநோயாளி கிடைப்பாரா என்று தேடினார். அப்படிக் கிடைத்தவர்தான் டாக்டர் பாப். யாரையும் திருத்துவதற்காக அவர் தேடவில்லை, தான் அன்றைக்குக் குடிக்காமல் தப்பிப்பதற்காகத் தேடினார். அதுவும் ஒரு வெட்டிச் சாயங்காலம்தான், கவனியுங்கள். சாமிப் பேச்சு ஒத்துவராதவர்களுக்கு 1994இல் தொடங்கிய ஸ்மார்ட் ரிகவரி இருக்கிறது, இணையத்திலேயே கூட்டம் நடக்கும்.

*

சன்னலோரம் எழுதியது:

தம்பி, நான் குடித்தவள் இல்லை, குடித்தவரோடு பதினெட்டு வருடம் வாழ்ந்துகொண்டிருப்பவள். இங்கே எல்லாரும் உள்ளே இருந்ததைச் சொல்கிறார்கள், நான் வெளியே இருந்ததைச் சொல்கிறேன்.

நான் செய்த ஒரு தப்பை முதலில் சொல்கிறேன், வேறு யாரும் செய்யக் கூடாது என்பதற்காக. அவர் மையத்திலிருந்து வந்து மறுபடி ஆரம்பித்த சமயம், டைசல்ஃபிரம் மாத்திரையைப் பொடி பண்ணி அவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்துவிட்டேன். யாரோ சொன்னார்கள், குடித்தால் வாந்தி வரும், வெறுத்துப்போய் விட்டுவிடுவார் என்று. அன்று ராத்திரி குடித்துவிட்டு வந்தார், பத்து நிமிடத்தில் முகம் ரத்தமாகச் சிவந்து, மூச்சு வாங்கி, வாந்தி எடுத்து, பிரஷர் இறங்கி அப்படியே சரிந்துவிட்டார். அவசரப் பிரிவு வராந்தாவில் அந்த மருத்துவரிடம் நான்தான் கலந்தேன் என்று சொல்ல எனக்கு எவ்வளவு நேரம் ஆனது என்று நினைக்கிறீர்கள். அந்த மருந்து உடம்புக்குள் போனபின், நிறுத்தி இரண்டு வாரம் வரைகூட அதன் வேலை இருக்கும் என்று அப்போதுதான் சொன்னார்கள். மது கலந்த இருமல் மருந்து கூட ஆகாதாம். உயிர் பிழைத்தார், ஆனால் அதற்குப் பிறகு ஒரு வருடம் வீட்டில் நான் எடுத்துக்கொடுத்த தண்ணீரைக்கூட முகர்ந்து பார்த்துத்தான் குடித்தார்.

அதே மாத்திரை பிறகு எங்கள் வீட்டில் உதவியது, அதுதான் வேடிக்கை. மூன்று வருடம் கழித்து அவரே மருத்துவரிடம் கேட்டு வாங்கினார். தினமும் காலையில் என் எதிரில் நின்று அவரே போட்டுக்கொள்வார். நான் ‘போட்டாச்சா’ என்று கேட்கக் கூடாது, அவர் காட்டினால் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் எங்கள் ஒப்பந்தம்.

நான் பாட்டில் எண்ணுவதை நிறுத்தியது குடும்பத்தாருக்கான கூட்டத்துக்குப் போக ஆரம்பித்த பிறகுதான். அல்-அனான் என்று, 1951இல் அந்த பில் வில்சனின் மனைவி லோயிஸ் தொடங்கியது. அவர் குடிப்பது என்னால் வந்ததில்லை, அதை என்னால் கட்டுப்படுத்தவும் முடியாது என்று அங்கே சொன்னபோது முதலில் கோபம்தான் வந்தது, அப்படியென்றால் இத்தனை வருடம் நான் தூங்காமல் காவல் காத்தது எதற்கு?

தம்பி, உங்கள் வீட்டில் இருப்பவரைப் போலீஸ் ஆக்காதீர்கள். அவருக்கு ஏதாவது ஒன்று தெளிவாகச் சொல்லுங்கள். ‘சாயங்காலம் நான் ஃபோன் பண்ணி ஒன்றுமே பேசாமல் இருந்தால் வா’ என்பது மாதிரி. எங்களுக்கு என்ன செய்வது என்று தெரியாமல்தான் நாங்கள் அறிவுரை சொல்கிறோம்.

*

ஒதுங்கியவன் எழுதியது:

கொஞ்சம் எதிர்க் கருத்து. எல்லாருக்கும் மையம் தேவையில்லை. நான் உள்ளே படுக்காமல், வாரா வாரம் மனநல மருத்துவரைப் பார்த்தே நிறுத்தினேன். நால்ட்ரெக்சோன் தினம் 50 மில்லிகிராம். குடித்தால் தலைக்கு ஏறும் அந்தச் சுகத்தை மூளை உணரவிடாமல் அது தடுக்கிறது, வாந்தி கீந்தி எதுவும் வராது, சப்பென்று இருக்கும், அவ்வளவுதான். அமெரிக்காவில் 1994இலேயே குடிநோய்க்குக் கொடுக்க அனுமதி கிடைத்த மருந்து, ஆனால் எனக்கு முதன்முதலில் ஒருவர் சொன்னது நாற்பது வயதுக்கு மேல். அதற்கு முன்னால் பார்த்த இரண்டு பேர் மனசைக் கட்டுப்படுத்து என்பதோடு சரி. ஓபியாய்டு, அதாவது அபின் வகை வலி மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இது ஆகாது, கல்லீரல் பரிசோதனையும் பார்ப்பார்கள். வேறு சிலருக்கு அகாம்ப்ரோசேட் கொடுக்கிறார்கள், நாளைக்கு மூன்று வேளை.

ஆனால் ஒன்றை ஒத்துக்கொள்கிறேன், எனக்குக் காலையில் கை ஆடியதில்லை. உங்கள் கேஸில் முதல் வாரம் மருத்துவமனைப் படுக்கைதான். அதன் பிறகு 30 நாளும் உள்ளேயே இருந்தாக வேண்டுமா என்பதைத்தான் மருத்துவரிடம் கேட்டுப் பாருங்கள் என்கிறேன்.

*

தம்பிக்காக எழுதியது:

குடி இல்லாமல் ஹெராயின், வலி மாத்திரை, ஊசி என்று இருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால் அவர்களுக்காக மட்டும். என் தம்பி 90 நாள் மையத்தில் இருந்தான், நல்ல உடம்போடு வந்தான். வந்த இரண்டாவது வாரம் ஒரே ஒரு தடவை, முன்பு வழக்கமாக எடுத்த அதே அளவு. 90 நாளில் உடம்பு அந்தத் தாங்கும் சக்தியை இழந்துவிட்டது என்று எங்கள் யாருக்கும் தெரியாது, அவனுக்கும் யாரும் சொல்லவில்லை. ஹெராயினுக்குப் பதிலாக மருத்துவர் அளந்து கொடுக்கும் புப்ரினார்ஃபின் மாதிரி மருந்தைத் தொடர்ந்து கொடுக்கலாம் என்று முன்பே ஒரு மருத்துவர் சொன்னார், ‘ஒரு போதைக்கு இன்னொரு போதையா’ என்று வேண்டாம் என்றது நான்தான்.

இதற்கு ஆறுதல் எதுவும் எழுத வேண்டாம். வெளியே வரும் நாளில் இதை ஒருவருக்குச் சொல்லுங்கள், போதும்.

*

மறுபடியும்நான் எழுதியது:

எல்லாவற்றையும் இரண்டு தடவை படித்தேன். தம்பிக்காக, உங்கள் பதிவை வீட்டில் வாசித்துக் காட்டினேன்.

திங்கட்கிழமைத் திட்டம் ரத்து. நேற்று மருத்துவரைப் பார்த்தோம். எவ்வளவு குடிக்கிறீர்கள் என்று கேட்டார், வாய் தானாகப் பாதிதான் சொன்னது. மனைவி பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள், ஒன்றும் பேசவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எழுந்து கதவு வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்து சரியான அளவைச் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவே இல்லை, எழுதியதை அடித்துவிட்டு வேறு எழுதினார். வியாழக்கிழமை சேர்க்கை. முதல் வாரம் மருத்துவமனையிலேயே, அதன் பிறகு எங்கே என்பதை அங்கே பேசி முடிவு செய்யலாம் என்றார். மூன்றாம்சுற்று சொன்ன கேள்விகளை இரண்டு மையங்களுக்கு ஃபோன் போட்டுக் கேட்டேன். ஒருவர் பொறுமையாகப் பதில் சொன்னார், இன்னொருவர் சேருகிறவரே பேசுகிறீர்களா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார்.

நோட்டும் வாங்கிவிட்டேன். பின்னாலிருந்து எழுத ஆரம்பித்து இதுவரை ஏழு ஆகியிருக்கிறது. ஏழில் ஐந்து சாயங்காலம் ஐந்தரைக்கும் ஏழரைக்கும் நடுவில்.

சன்னலோரம் அக்கா, அந்த ஃபோன் விஷயத்தை அவளிடம் சொன்னேன். பேசாமல் இருந்தால் எப்படி நீ என்று தெரியும் என்று கேட்டாள். நம்பர் வருமே என்றேன். சிரித்தாள், ரொம்ப நாளைக்கு அப்புறம்.